சபையோடு வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபைக்குப் புதிதாக வருகிறவர்களோடு பேசுவது பல வருடங்களாக என் பொறுப்பு. சில கேள்விகள் முதல் நாளே வாசலில் வந்துவிடும். சில கேள்விகள் ஆறு மாதம் கழித்து, எல்லோரும் கிளம்பிய பிறகு, மறந்து வைத்த குடையைத் தேடுகிற சாக்கில் தயங்கித் தயங்கி வரும். இரண்டு வகையும் இங்கே இருக்கின்றன. நீங்கள் திருப்பலிக்குப் போகிறவராக இருக்கலாம், ஆராதனைக்குப் போகிறவராக இருக்கலாம், குவேக்கர்களைப் போல மௌனமாக உட்கார்ந்து தொழுகிறவராகவும் இருக்கலாம். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

சபைக்குப் போனால் வாழ்க்கைக்கு அர்த்தம் கிடைத்துவிடுமா?

போவதால் மட்டும் கிடைக்காது. பல வருடங்கள் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, ஒரே கதவு வழியாக வெளியேறி, வந்தபடியே போனவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் சபையில் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். வாசல் மேசையில் புத்தகங்களைப் பத்துப் பத்தாக அடுக்குவார். கிழிந்த பக்கங்களை முந்தின நாளே ஒட்டி வைத்திருப்பார். ஆராதனை தொடங்கியதும் மேசையில் எத்தனை மிச்சம் என்று ஒரு பார்வை. அதை வைத்தே யார் வரவில்லை என்று யோசித்துக் கண்டுபிடித்துவிடுவார். சாயங்காலம் அவர்களுக்கு ஒரு போன் போகும். “உடம்பு சரியில்லையா? சும்மாதான் கேட்டேன்.” அவ்வளவுதான் பேச்சு. அவரிடம் வாழ்க்கையின் அர்த்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் சிரித்துவிட்டு இன்னொரு புத்தகத்தை எடுத்து நீட்டியிருப்பார்.

என் அனுபவத்தில், அர்த்தத்தைத் தேடி வந்தவர்களைவிட, ஏதோ ஒரு வேலைக்குக் கைகொடுத்தவர்களுக்கே அது சீக்கிரம் பிடிபட்டது. நாம் வராவிட்டால் நின்றுபோகிற ஒரு வேலையும், நம்மை எதிர்பார்க்கிற ஒரு முகமும் இருந்தால், அந்தக் கேள்வியின் பாரம் பாதி குறைந்துவிடுகிறது.

தனியாக ஜெபித்து, வேதம் வாசித்தால் போதாதா? எதற்கு இத்தனை பேர்?

அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபி என்று சொன்னவரே இயேசுதான் (மத்தேயு 6:6). அதனால் தனி ஜெபத்தைக் குறைவாகப் பேச எனக்குத் துணிவில்லை. ஆனால் புதிய ஏற்பாட்டில் ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள், ஒருவருக்கொருவர் மன்னியுங்கள், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமங்கள் என்று வருகிற கட்டளைகளை எல்லாம் எண்ணிப் பாருங்கள். பூட்டிய அறைக்குள் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது. பொறுமையைப் பழக வேண்டுமானால் நம்மை எரிச்சல்படுத்த ஒரு ஆள் வேண்டுமே! நண்பர்களை நாமே தேர்ந்தெடுக்கிறோம். சபையில் பக்கத்தில் உட்காருகிறவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அங்கேதான் பயிற்சி.

முதல் சபையைப் பற்றி அப்போஸ்தலர் 2:42 சொல்லும்போது உபதேசம், அப்பம் பிட்குதல், ஜெபம் ஆகியவற்றோடு ‘அந்நியோந்நியம்’ என்றும் ஒரு சொல் வரும். இன்று அந்தச் சொல்லைக் கணவன் மனைவி நெருக்கத்துக்குத்தான் பெரும்பாலும் சொல்கிறோம். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதை ஒரு கூட்டம் முழுவதற்கும் போட்டிருக்கிறார்கள். கிரேக்கத்தில் அது ‘கொய்னோனியா’. பங்கு போட்டுக்கொள்ளுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. சாயூன் லிம், ராபர்ட் புட்னம் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்கள் வாழ்க்கையில் அதிகத் திருப்தியோடு இருப்பதற்குப் பெரும்பகுதிக் காரணம், அங்கே அவர்களுக்குக் கிடைத்த நெருங்கிய நண்பர்கள் என்று அதில் தெரியவந்தது. வாராவாரம் போயும் அங்கே நண்பர் இல்லாதவர்களிடம் அந்தத் திருப்தி அவ்வளவாகக் காணப்படவில்லை.

விழுமியங்களின்படி வாழ வேண்டும் என்கிறார்கள். என் விழுமியம் எது என்று எனக்கே தெரியவில்லையே?

அந்தச் சொல்லைக் கேட்டாலே மேடைப் பேச்சு ஞாபகம் வருகிறது, இல்லையா? இப்படிக் கேட்டுப் பாருங்கள்: எதைச் செய்யாமல் விட்டால் எனக்கே என்மேல் வெட்கமாக இருக்கும்? பதில் வந்துவிடும். நம்மில் பலருக்கு அதில் பிரச்சினையே இல்லை. தெரிந்த பிறகும் செய்யாமல் போவதுதான் பிரச்சினை.

ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைக் காட்டுகிறது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை ஒவ்வொருவராக அழைத்து, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்தச் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நின்று உதவியவனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமை. போகிற வழியில் ஒருவர் குனிந்து சுருண்டு, இருமி முனகிக்கொண்டு இருக்கும்படி ஏற்பாடு. சாவகாசமாகப் போகலாம் என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ஏற்கெனவே தாமதம், ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். கையில் இருந்த தலைப்பு நல்ல சமாரியனா வேறா என்பதால் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் வரவில்லை. சமாரியனைப் பற்றிப் பேசப் போகிற அவசரத்தில், சுருண்டு கிடந்தவரைத் தாண்டிப் போனவர்களும் உண்டு.

இதைப் படித்த நாளிலிருந்து சபையின் பொறுப்புப் பட்டியலைப் பார்க்கிற என் பார்வையே மாறிவிட்டது. அதற்கு முன்பு அது எனக்குச் சலிப்பூட்டுகிற ஒரு காகிதம். இரண்டாவது வியாழன், சாயங்காலம் 5 மணி, நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் இன்னார், இன்னார். அவ்வளவுதான் அதில் இருக்கும். ஆனால் இரக்கத்துக்கு ஒரு கிழமையும் ஒரு நேரமும் கிடைத்துவிட்டது பாருங்கள். அன்றைக்கு எனக்கு மனசு இருக்கிறதா, அவசரமா என்ற கேள்வியே எழுவதில்லை. பெயர் போட்டிருக்கிறது, போக வேண்டும். மனசு பல நாள் பின்னாலிருந்துதான் வந்து சேரும்.

எனக்கு விசுவாசம் அரைகுறைதான். நான் வரலாமா?

வாருங்கள். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவி செய்யும்” என்று ஒரு தகப்பன் கதறியதை மாற்கு 9:24 மறைக்கவில்லை. இயேசு அவனைத் திருப்பி அனுப்பவும் இல்லை.

தோமாவையும் பாருங்கள். மற்ற சீடர்கள் எல்லோரும் உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டோம் என்கிறார்கள், இவர் நம்ப மாட்டேன் என்கிறார். எட்டு நாள் கழித்து மறுபடி கதவு பூட்டிய அதே வீட்டுக்குள் அவரும் இருக்கிறார். சந்தேகப்பட்டார் என்றே அவரை ஞாபகம் வைத்திருக்கிறோம். அந்த எட்டு நாளும் அவர் விலகிப் போகவில்லை, மற்றவர்களும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஒன்று மட்டும். நம்பாததை நம்புகிறேன் என்று சொல்ல யாராவது உங்களை அவசரப்படுத்தினால், அவசரப்படாதீர்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல், உறுப்பினர் பதிவு எதுவானாலும் காத்திருக்கலாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

குழு உறுப்பினர் பதவியிலிருந்து தொடங்காதீர்கள். நாற்காலியிலிருந்து தொடங்குங்கள். ஆராதனை முடிந்ததும் நாற்காலி அடுக்குகிற நாலு பேர் எங்கேயும் இருப்பார்கள். போய் ஐந்தாவதாக நில்லுங்கள். கை வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். எதிரெதிரே உட்கார்ந்து, “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று ஆரம்பிக்கிற அவஸ்தை இருக்காது.

அப்புறம், பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு சிறு குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள். இந்தச் சிறு குழு முறைக்குப் பின்னால் எனக்குப் பிடித்த ஒரு வரலாறு உண்டு. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் கட்டிய தொழுகைக் கூடத்துக்குக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தரலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். சுமார் 12 பேருக்கு ஒருவர் என்று வசூலிக்க ஆள் வைத்தார்கள். வீடு வீடாகக் காசு வாங்கப் போனவர்கள் அங்கே வேறு விஷயங்களைப் பார்க்க நேர்ந்தது. ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் சொல்லிக்கொள்ளாத துக்கம். கடன் வசூல் கொஞ்ச நாளில் ஆத்தும விசாரிப்பாக மாறிவிட்டது. மெதடிஸ்ட் சபைகளின் ‘வகுப்புக் கூட்டம்’ அப்படிப் பிறந்ததுதான். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு அர்த்தத்தை உண்டாக்கவில்லை. கடனை அடைக்கக் கிளம்பினார்கள்.

எனக்குப் பேச வராது. துக்க வீட்டிலோ மருத்துவமனையிலோ என்ன சொல்வதென்று தெரியாது.

நல்லது. பேச வருகிறவர்களால்தான் அதிகக் கஷ்டம்.

என் அப்பா மருத்துவமனையில் இருந்தபோது நிறைய பேர் வந்தார்கள். எல்லாம் நன்மைக்கே என்றார்கள், சொந்தக்காரர் ஒருவருக்கு இதே நோய் வந்து என்ன ஆயிற்று என்று விவரித்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி, சபையில் தலையசைப்புக்கு மேல் பழக்கமில்லாத ஓர் அக்கா வந்தார். பையிலிருந்து போன் சார்ஜர் ஒன்றை எடுத்து, நடையில் இருந்த பிளக்கில் சொருகி, என் போனை வாங்கி மாட்டினார். “நீ போய்க் குளிச்சிட்டு ரெண்டு மணி நேரம் தூங்கு. டாக்டர் வந்தா கூப்பிடறேன்” என்றார். சத்தமாக ஜெபிக்கக்கூட இல்லை. திரும்பி வந்தபோது அதே பெஞ்சில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று நாளில் கேட்ட ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வெள்ளைச் சார்ஜர் ஞாபகம் இருக்கிறது.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை அருமையான நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் வந்தது வினை. “அழுகிறவர்களுடனே அழுங்கள்” என்கிற பவுல் (ரோமர் 12:15), அவர்களுக்கு விளக்கம் கொடுங்கள் என்று சொல்லவில்லை.

உதவி செய்யப் பிடிக்கும். வாங்கிக்கொள்ளத்தான் கூச்சமாக இருக்கிறது.

பேதுருவுக்கும் அப்படித்தான் இருந்தது. கால் கழுவ வந்த இயேசுவிடம், நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது என்றார் (யோவான் 13). கொடுக்கிற இடத்திலேயே நிற்பது ஒரு வகையில் மேட்டில் நிற்பது. உங்களுக்கு ஒரு கஷ்டம் வரும்போது யாரையாவது உள்ளே விடுங்கள். அன்றிலிருந்துதான் நீங்களும் அவர்களில் ஒருவர்.

காணிக்கை எவ்வளவு கொடுக்க வேண்டும்?

“விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே” என்கிறது 2 கொரிந்தியர் 9:7. தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கேட்கிற சபைகளும் உண்டு, கேட்காதவையும் உண்டு. கணக்கை வருடத்துக்கு ஒரு முறையாவது எல்லோருக்கும் காட்டுகிறார்களா என்று பாருங்கள். கொடுத்தால் ஆசீர்வாதம், கொடுக்காவிட்டால் சாபம் என்று யாராவது பயமுறுத்தினால் பணப்பையை மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

சபையிலேயே சண்டை, கோஷ்டி, அரசியல். இதற்கா வந்தேன் என்று இருக்கிறது.

முதல் சபையிலும் இருந்தது. அப்போஸ்தலர் 2-இல் எல்லாவற்றையும் பொதுவாக வைத்து அனுபவித்தார்கள் என்று படிக்கிறோம். நாலே அதிகாரம் தள்ளி, அன்றாட உணவுப் பங்கீட்டில் எங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுக்கிறார்கள். கொரிந்துவில் இன்னும் மோசம். கர்த்தருடைய பந்திக்கே வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, ஏழைகள் பசியோடு இருந்தார்கள் (1 கொரிந்தியர் 11).

அப்போஸ்தலர்கள் செய்ததைக் கவனியுங்கள். முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை. நம்பிக்கையான ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்று பொறுப்பைச் சபையின் கையிலேயே கொடுத்தார்கள். தெரிந்தெடுக்கப்பட்டவர்களின் பெயர்கள் எல்லாம் கிரேக்கப் பெயர்கள். புகார் சொன்ன தரப்புக்கே பொறுப்புப் போனது மாதிரித் தெரிகிறது. இன்றைக்கும் இது நல்ல வழி என்றுதான் நினைக்கிறேன்.

தனிப்பட்ட மனஸ்தாபம் என்றால் மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் அவரிடமே, தனியாக. நாம் வழக்கமாக அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லிவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன். ஒரு முறை பாடகர் குழு விஷயத்தில் ஒருவரைப் பற்றி ஏழு பேரிடம் குறைப்பட்டேன். எட்டாவதாக அவரிடமே பேசியபோது பத்து நிமிடத்தில் முடிந்தது. அந்த ஏழு பேரிடமும் திரும்பிப் போய்ச் சரிசெய்ய எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஆனால் இது சம பலம் உள்ள இருவருக்கு இடையிலான மனஸ்தாபத்துக்கு மட்டும். துன்புறுத்தியவரிடம் தனியாகப் போய்ப் பேசு என்று பாதிக்கப்பட்டவரை அனுப்புவதற்கு இந்த வசனத்தைப் பயன்படுத்துவது அநியாயம்.

என் மனசாட்சி ஒன்று சொல்கிறது, வெளியுலகம் வேறு சொல்கிறது. சபை இதில் எனக்கு என்ன உதவி செய்யும்?

தனியாளுக்கு வராத துணிச்சலைக் கொடுக்கும். இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சின் மலைப்பகுதியில் லெ ஷாம்போன் என்ற சிறிய ஊரில் இது நடந்தது. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர்களை, குழந்தைகள் உட்பட, அந்த ஊர்க்காரர்களும் சுற்றுப்புறத்தாரும் வீடுகளிலும் பண்ணைகளிலும் ஒளித்து வைத்தார்கள். அவர்களின் போதகர் ஆந்த்ரே த்ரோக்மே. ஊருக்கே ரகசியம் தெரியும், ஊரே வாயைத் திறக்கவில்லை. அந்தக் கிராமம் முழுவதையும் சுற்றுப்புறத்தோடு சேர்த்து இஸ்ரேலில் யூத இனப்படுகொலையின் நினைவைப் பேணும் யாத் வஷேம் நிறுவனம் 1990-இல் கௌரவித்தது.

அந்த மக்களின் முன்னோர் ஹியூகநாட்டுகள், அதாவது பிரான்சின் புராட்டஸ்டண்டுகள். தங்கள் விசுவாசத்துக்காகப் பல தலைமுறை வேட்டையாடப்பட்டவர்கள். ஒளிந்து வாழ்வது என்றால் என்ன என்று பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து தெரிந்த வீடுகள். கதவு தட்டப்பட்டபோது அவர்கள் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை. வருடக்கணக்காக ஒன்றாகப் பாடி, ஒன்றாக வாசித்து, ஒன்றாக ஞாபகம் வைத்திருந்ததன் பலன் அது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அதே காலத்தில் ஜெர்மனியில் ஏராளமான சபையார் ஹிட்லருக்குக் கை தூக்கினார்கள். 1934-இல் பார்மெனில் கூடி அதை எதிர்த்து அறிக்கை வெளியிட்டவர்கள் சிறுபான்மை. அதனால் சபை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மனசாட்சியைக் குத்தகைக்கு விட்டுவிடக் கூடாது. “எனக்கு இதில் உடன்பாடில்லை” என்று எழுந்து சொன்ன ஒருவர் அடுத்த வாரமும் அதே இடத்தில் மரியாதையோடு உட்கார முடிகிறதா? ஒரு சபையை எடைபோட நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எப்போது ஒரு சபையை விட்டு விலக வேண்டும்?

பாட்டு பிடிக்கவில்லை, பிரசங்கம் நீளம் என்பதற்காக அவசரப்படாதீர்கள். தலைவரைக் கேள்வி கேட்க முடியாது, கணக்கு கேட்க முடியாது, வெளியே இருக்கிற குடும்பத்தோடும் நண்பர்களோடும் தொடர்பை அறுக்கச் சொல்கிறார்கள், பாவ அறிக்கையில் சொன்னது பிறகு மிரட்டலாகத் திரும்பி வருகிறது என்றால் கிளம்புங்கள். குழந்தைக்கோ பெரியவருக்கோ பாலியல் துன்புறுத்தல் நடந்திருந்தால் அதை நமக்குள்ளேயே பேசித் தீர்க்க விடாதீர்கள். அது காவல்துறைக்குப் போக வேண்டிய விஷயம். சபையின் பெயர் கெடுமே என்று கவலைப்படுகிறவர்கள் யாருக்காகக் கவலைப்படுகிறார்கள் என்று யோசியுங்கள்.

விலகினால் விசுவாசம் போய்விட்டது என்று ஆகாது.

எல்லா வேலையும் என் தலையில் விழுகிறது. களைத்துவிட்டேன்.

கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தில் மூன்று வசன இடைவெளியில் இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும், அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான். முரண்பாடு மாதிரி இருக்கும். கிரேக்கத்தில் இரண்டு ‘பாரமும்’ வேறு வேறு சொற்கள். எல்லோருடைய பாரத்தையும் ஒருவரே சுமக்க வேண்டும் என்று இரண்டு வசனமும் சொல்லவில்லை. ஒரு பொறுப்பை விடுங்கள். அது மூன்று மாதம் ஆளில்லாமல் கிடந்தாலும் கிடக்கட்டும். மாற்கு 6:31-இல் சீடர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லாதபோது, சற்றே இளைப்பாற வாருங்கள் என்று இயேசுவே கூப்பிட்டார்.

தவறாமல் போனால் ஆயுள் கூடும் என்கிறார்களே?

அமெரிக்கச் செவிலியர்கள் 74,534 பேரை 16 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஆராதனைக்குப் போனவர்களிடம், போகாதவர்களைவிட இறப்பு விகிதம் 33 சதவீதம் குறைவாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஆயுளுக்காகச் சபைக்குப் போவது, பந்திச் சாப்பாட்டுக்காக மட்டும் கல்யாணத்துக்குப் போவது மாதிரி.

வீட்டில் மற்றவர்கள் வர மாட்டேன் என்கிறார்கள்.

இழுக்காதீர்கள். சபையில் எல்லோரிடமும் இனிமையாகப் பேசிவிட்டு வீட்டில் எரிந்து விழுகிறவரைப் பார்த்து யாருக்கும் வரத் தோன்றாது. அவர்களோடு இருக்க வேண்டிய நேரத்தையும் சபை தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் கைகூட எவ்வளவு காலம் ஆகும்?

எனக்கு ஆனதைச் சொல்கிறேன். அந்தப் பாட்டுப் புத்தகப் பெரியவருக்கு முழங்கால் முடியாமல் போனபோது மேசை என்னிடம் வந்தது. முதல் சில மாதம் எனக்கு அது வெறும் எண்ணிக்கைதான். அடுக்குவேன், கொடுப்பேன், மிச்சத்தை அலமாரியில் வைப்பேன். யார் வரவில்லை என்று யோசிக்கத் தோன்றவே இல்லை. யோசித்தாலும் பிடிபடவில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒரு ஞாயிறு, மேசையில் வழக்கத்தைவிட ஒரு புத்தகம் கூடுதலாக இருந்தது. கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில், தூணை ஒட்டிய இடம் காலி. அங்கே உட்காருகிறவரிடம் அதுவரை நான் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். சாயங்காலம் பதிவேட்டில் எண்ணைத் தேடி எடுத்துப் போன் செய்தேன்.

“உடம்பு சரியில்லையா? சும்மாதான் கேட்டேன்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “நான் வரலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார்.